மூடினாலும் பிழை, திறந்தாலும் பிழை: பிரெஞ்சு சிருங்கார இலக்கியம் ஆங்கிலத்துக்கு வந்த கதை

மொழிபெயர்ப்பு என்றால் என்னவென்று வெளிமாநிலத்தில் குடியிருக்கும் தமிழருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காய்கறிக் கடையில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று நாள் முழுக்க நாம் செய்துகொண்டிருப்பது அதைத்தான். விலாசத்தையும் விலையையும் மாற்றிச் சொல்வது சுலபம். கேலி, கோபம், கொஞ்சல் இந்த மூன்றும்தான் தகராறு செய்யும். அதிலும் கொஞ்சல் இருக்கிறதே, ஒரு மொழியில் அழகாக இருப்பது இன்னொரு மொழியில் அசட்டுத்தனமாகவோ அசிங்கமாகவோ ஆகிவிடும்.

இந்தச் சங்கடத்தை மிகப் பெரிய அளவில் சந்தித்தவர்கள், பிரெஞ்சு சிருங்கார இலக்கியத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள். அவர்களுடைய கதையில் நீதிமன்றம் உண்டு, சிறைச்சாலை உண்டு, ரகசியப் பதிப்பு உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் இலவசமாக இறக்கிப் படிக்கும் புத்தகங்களோடு அதற்கு நேரடித் தொடர்பும் உண்டு. தலைப்பைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மலரைக் குடும்பத்தோடு படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்தே எழுதுகிறேன்.

எதைச் சொல்கிறோம்?

ஆபாசம் வேறு, சிருங்காரம் வேறு. உடலைக் காட்டுவதோடு வேலை முடிந்துவிடும் எழுத்து முதல் வகை. ஆசை ஒரு மனிதரை என்ன செய்கிறது, அதை வைத்து ஒருவர் இன்னொருவரை எப்படி ஆட்டிவைக்கிறார் என்று காட்டும் எழுத்து இரண்டாவது வகை. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் இந்த இரண்டாவது வகை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. அதன் சிறப்பு என்னவென்றால், மிகத் துணிச்சலான விஷயத்தை மிக நாகரிகமான சொற்களால் சொல்வது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் புரிய வேண்டியவருக்கு எல்லாமே புரியும்.

ஆங்கிலத்தில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உடல் சார்ந்த ஆசையைச் சொல்ல ஆங்கிலத்தில் மருத்துவரின் சொல் இருக்கிறது, தெருச் சண்டையின் சொல் இருக்கிறது, வாழ்த்து அட்டையின் சர்க்கரைச் சொல்லும் இருக்கிறது. இவை மூன்றுக்கும் நடுவில், சபையில் சொல்லக்கூடியதாகவும் அதே சமயம் உள்ளே நெருப்பு உள்ளதாகவும் ஒரு நடுத்தர நடை கிடைப்பது அரிது. மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புத்தகம் மாறிவிடுகிறது.

ஒரு கடிதம், இரண்டு அர்த்தம்

மிகச் சிறந்த உதாரணம், பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த ஷோதெர்லோ த லக்லோ 1782இல் வெளியிட்ட 'ஆபத்தான உறவுகள்' என்ற நாவல். 1985இல் இங்கிலாந்தில் இது நாடகமானது, 1988இல் ஹாலிவுட் படமானது, பலர் பார்த்திருப்பீர்கள். நாவல் முழுவதும் கடிதங்களே, மொத்தம் 175. வால்மோன் என்ற பிரபு, தூர்வெல் என்ற பக்தி மிகுந்த குடும்பப் பெண்ணை மயக்கத் திட்டமிடுகிறான். அவனோடு கூட்டுச் சேர்ந்து காய் நகர்த்துகிறவள் மெர்த்தேய் சீமாட்டி.

தலைப்பிலேயே வம்பு ஆரம்பம். 'லியேஸோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தொடர்பு, பழக்கம், கள்ள உறவு என எல்லாப் பொருளும் உண்டு. 1784இல் லண்டனில் வந்த முதல் மொழிபெயர்ப்பு அதைத் 'தொடர்புகள்' என்றது. 1924இல் ரிச்சர்ட் ஆல்டிங்டன் 'பரிச்சயங்கள்' என்றார். 2007இல் பெங்குவின் பதிப்புக்காக மொழிபெயர்த்த ஹெலன் கான்ஸ்டன்டைன் பிரெஞ்சுச் சொல்லையே வைத்துக்கொண்டார். அதற்குள் அந்தச் சொல் ஆங்கிலத்திலேயே குடியேறிவிட்டதால் அது முடிந்தது.

இதில் 48ஆவது கடிதம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு தேர்வு மாதிரி. வால்மோன் ஒரு விலைமாதுடன் இருக்கும்போது அவள் முதுகையே மேசையாக வைத்துத் தூர்வெலுக்குக் காதல் கடிதம் எழுதுகிறான். தூக்கமில்லாத இரவு, மனக்கொந்தளிப்பு, எழுதிக்கொண்டிருக்கும் மேசையின் மீது அவனுக்கு வந்துவிட்ட பக்தி, நடுவில் கடிதத்தை நிறுத்த வேண்டிய அவசியம் எல்லாவற்றையும் அதில் விவரிக்கிறான். அந்தப் பெண்மணிக்கு அது பிரிவாற்றாமையில் தவிக்கும் காதலனின் புலம்பல். 47ஆவது கடிதத்தில் உண்மையைத் தெரிந்துகொண்டுவிட்ட நமக்கு ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தம் தருகிறது.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? உடலை நினைவூட்டும் சொல் ஒரே ஒன்று அதிகமாகிவிட்டால் தூர்வெலுக்கே சந்தேகம் வந்துவிடும், கதை அங்கேயே உடையும். சொல் ரொம்பவும் பக்தியாகிவிட்டால் நமக்குச் சிரிப்பும் வராது, அவன் குரூரமும் தெரியாது. கத்தி மேல் நடப்பது போன்ற வேலை.

திரை போட்ட வண்டி

இதற்கு நேர் எதிரான இன்னொரு வித்தை, எதையுமே சொல்லாமல் இருப்பது. குஸ்தாவ் ஃப்ளாபேரின் 'மதாம் பொவாரி' நாவலில் எம்மாவும் லெயோனும் ரூவான் நகரில் ஒரு குதிரை வண்டியில் ஏறுகிறார்கள். திரை இழுத்து விடப்படுகிறது. அதற்குப் பிறகு ஆசிரியர் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. எந்தத் தெரு, எந்தச் சதுக்கம், குதிரைகள் எப்படிக் களைத்தன, வண்டிக்காரர் எப்படித் தாகத்தில் தவித்தார், நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் உள்ளிருந்து எப்படி ஒரு குரல் அதட்டியது, இவ்வளவுதான் இருக்கும். கடைசியில் ஒரு கை வெளியே வந்து கிழித்த காகிதத் துண்டுகளை எறிகிறது. ஊர் பெயர்ப் பட்டியலை வைத்தே ஒரு சிருங்காரக் காட்சி!

இந்தக் காட்சியை 1856இல் தொடராக வெளியிட்ட பத்திரிகையே வெட்டிவிட்டது. அப்படியும் 1857 தொடக்கத்தில் ஃப்ளாபேர் மீது வழக்கு வந்தது, விடுதலையானார். அதே அரசு வழக்கறிஞர் பினார், அதே ஆண்டில் கவிஞர் போத்லேரை நீதிமன்றத்துக்கு இழுத்து, ஆறு கவிதைகளுக்குத் தடை வாங்கினார். அந்தத் தடை சட்டப்படி நீங்கியது 1949இல்தான்.

'மதாம் பொவாரி'யை 1886இல் ஆங்கிலத்தில் தந்தவர் எலினார் மார்க்ஸ், காரல் மார்க்ஸின் மகள். மொழிபெயர்ப்பாளர்களில் மேதை, கூலிக்கு எழுதுபவர், மனசாட்சியோடு உழைப்பவர் என்று மூன்று வகை சொல்லி, தன்னை மூன்றாவது வகையில் வைத்துக்கொண்டார். வண்டிக் காட்சி போன்ற இடங்களுக்கு அந்த மூன்றாவது வகைதான் தேவை. மொழிபெயர்ப்பாளர் வாசகருக்கு உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு வார்த்தை விளக்கம் சேர்த்தாலும் திரை விலகிவிடும்.

சிறைக்குப் போன பதிப்பாளர்

எலினார் மார்க்ஸின் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர் ஹென்றி விஸெடெல்லி. எமீல் ஜோலாவின் நாவல்களையும் ஆங்கிலத்தில் மலிவு விலையில் கொண்டுவந்தவர் அவரே. பிரச்சினை அந்த மலிவு விலையில்தான் இருந்தது. பிரெஞ்சு தெரிந்த கனவான் ஜோலாவை மூலத்தில் படித்தால் அது இலக்கிய ரசனை. கடைக்குமாஸ்தா ஆங்கிலத்தில் படித்தால் அது சமூகச் சீரழிவு என்பது அன்றைய பெரிய மனிதர்களின் எண்ணம்.

1857இல் இங்கிலாந்தில் ஆபாச வெளியீடுகள் சட்டம் வந்தது. 1868இல் 'ஹிக்லின்' வழக்கில் நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனமுள்ள ஒருவர் கையில் புத்தகம் சிக்கினால் அவரைக் கெடுக்குமா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். முழு நூலையும் பார்க்க வேண்டியதில்லை, சில பத்திகள் போதும் என்ற நிலை இதிலிருந்து வந்தது.

1888இல் ஜோலாவின் 'நிலம்' முதலிய நாவல்களுக்காக விஸெடெல்லி மீது வழக்கு. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சில பகுதிகளைப் படிக்கத் தொடங்கியதும், இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டுமா என்று ஜூரிகளே முகம் சுளித்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 100 பவுண்டு அபராதம். அடுத்த ஆண்டு மறுபடியும் வழக்கு, இந்த முறை 3 மாதச் சிறை. அப்போது அவருக்கு எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு 4 ஆண்டுகள் கழித்து, 1893இல், அதே ஜோலா லண்டனுக்கு வந்தபோது பத்திரிகையாளர்கள் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். மறு ஆண்டே விஸெடெல்லி இறந்துபோனார்.

இந்த வழக்கின் விளைவு பல ஆண்டுகள் நீடித்தது. பயந்த பதிப்பாளர்கள் பத்திகளை வெட்டினார்கள். வெட்ட மனமில்லாதவர்கள், சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று சொல்லி அதிக விலையில் தனிப்பட்ட முறையில் அச்சிட்டார்கள். 1894-95இல் ஜோலாவின் நாவல்கள் ஆறு இப்படி முழுமையாக வந்தன. 'நிலம்' நாவலைக் கவிஞர் எர்னஸ்ட் டவ்சன் மொழிபெயர்த்தார். பணக்காரருக்கு முழுப் புத்தகம், ஏழைக்கு வெட்டிய புத்தகம்!

மூலமே மாறிப்போன காஸநோவா

சில சமயம் கை வைக்கப்படுவது மொழிபெயர்ப்பில் அல்ல, மூலத்திலேயே. வெனிஸ் நகரத்துக்காரரான காஸநோவா தன் வாழ்க்கைக் கதையை எழுதியது பிரெஞ்சில். 1798இல் அவர் இறந்தபின், கையெழுத்துப் பிரதி 1821இல் ஜெர்மனியின் பிராக்ஹவுஸ் பதிப்பகத்துக்கு வந்தது. அதை அப்படியே அச்சிடத் தயங்கி, ழான் லஃபோர்க் என்ற பேராசிரியரைக் கொண்டு 'திருத்த' வைத்தார்கள். அவர் காதல் காட்சிகளை மென்மையாக்கினார். போதாதென்று காஸநோவாவின் மதக் கருத்துகளையும் அரசியல் கருத்துகளையும்கூடத் தன் போக்குக்கு வளைத்தார்.

1894இல் ஆர்தர் மேச்சன் செய்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தத் திருத்திய பிரெஞ்சிலிருந்து வந்தது. மேச்சன் எவ்வளவு உண்மையாக உழைத்திருந்தாலும், ஆங்கில வாசகர் கேட்டது பாதி காஸநோவாவின் குரல், பாதி லஃபோர்க்கின் குரல். உண்மையான கையெழுத்துப் பிரதி 1960-62இல்தான் அச்சேறியது. அதிலிருந்து வில்லர்ட் டிராஸ்க் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1966 முதல் வந்தது. 2010இல் அந்தக் கையெழுத்துப் பிரதியை 70 லட்சம் யூரோவுக்கும் அதிகமான விலையில் பிரான்சின் தேசிய நூலகம் பெற்றது.

சொற்களுக்கு வயதாகும்

சட்டம் தளர்ந்த பிறகாவது வேலை சுலபமாயிற்றா என்றால், இல்லை. இங்கிலாந்தில் 1959இல் புதிய சட்டம் வந்தது, முழு நூலையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. பயம் போனது, வேறு கஷ்டம் வந்தது. சொற்கள் இடம் மாறிவிட்டன.

'பேஸே' என்ற பிரெஞ்சு வினைச்சொல் ஒரு காலத்தில் முத்தமிடுவதைக் குறித்தது. இன்று பேச்சு வழக்கில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். முத்தத்துக்கு இப்போது வழங்கும் 'ஆம்ப்ராஸே' என்ற சொல், கைகளால் அணைப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. பழைய நூலில் முதல் சொல் வந்தால் எந்தக் காலத்துப் பொருள் என்று பார்த்தாக வேண்டும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'மேக் லவ்' என்பது 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் வாயால் காதல் வார்த்தை பேசுவது. இன்று அது படுக்கையறைச் சொல். 1898இல் வந்த ஒரு மொழிபெயர்ப்பை இன்றைய கல்லூரி மாணவர் படித்தால், சாதுவான இடத்தில் சூடாகவும் சூடான இடத்தில் சாதுவாகவும் புரிந்துகொள்வார். அதனால்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் புது மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது.

இன்னொன்று, தமிழருக்குச் சட்டென்று புரியக்கூடியது. பிரெஞ்சில் 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 'ஆபத்தான உறவுகள்' நாவலில் தூர்வெல் வால்மோனுக்கு எழுதும்போதெல்லாம் 'நீங்கள்'தான். எல்லாம் அழிந்தபின், ஜுரவேகத்தில் பணிப்பெண்ணிடம் சொல்லி எழுத வைக்கும் 161ஆவது கடிதத்தில் திடீரென்று 'நீ' வெடித்து வருகிறது. யாரை 'நீ' என்கிறாள், காதலனையா, கணவனையா என்றே தெளிவாக இல்லை. முடிவில் மறுபடி மரியாதைப் பேச்சுக்குத் திரும்பி விடைபெறுகிறாள். ஒரு பெண்ணின் மனம் உடைந்து சிதறுவதை இரண்டு பிரதிபெயர்களால் காட்டிவிட்டார் லக்லோ. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இதைத் தொனியால் மட்டும்தான் ஈடுகட்ட முடியும். தமிழில் செய்பவருக்கோ அது தானாகவே கிடைத்துவிடும்.

இன்றைய வாசகரின் கேள்வி

இன்றைய ஆங்கில வாசகர் கேட்பது வேறு கேள்வி. அந்தப் பெண் சம்மதித்தாளா?

அதே நாவலில் செசீல் என்ற பெண், கன்னிமாடத்துப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவள், வயது 15. வால்மோன் ரகசியமாகச் சாவி பெற்று இரவில் அவள் அறைக்குள் நுழைகிறான். மிரட்டியும் ஏமாற்றியும் தன் விருப்பத்தைச் சாதித்துக்கொள்கிறான். 96ஆவது கடிதத்தில் அவன் அதை ஒரு வெற்றியாக, வேடிக்கையாக எழுதுகிறான். அடுத்த கடிதத்தில் செசீல் எழுதுகிறாள். அவமானம், அழுகை, குழப்பம், தன் மேலேயே பழி. முந்தைய தலைமுறைகள் இதை மயக்குதல் என்று அழைத்துக் கடந்து போயின. இன்றைக்கு நம் பெண் பிள்ளைகள் இதைப் படித்தால் சரியான பெயர் சொல்லிவிடுவார்கள்: வன்கொடுமை.

மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது? வால்மோனின் சொற்களைக் கடுமையாக்கி அவனை முதல் வரியிலேயே வில்லனாக்கிவிடலாம். அல்லது செசீலின் பயத்தைக் கொஞ்சம் குறைத்து, காட்சியை 'சுவாரசிய'மாக்கலாம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. லக்லோ அந்த இரண்டு கடிதங்களையும் வேண்டுமென்றேதான் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முதல் கடிதத்தின் நளினத்தில் நாம் கொஞ்சம் சிரித்துவிட வேண்டும். அடுத்ததைப் படிக்கும்போது அந்தச் சிரிப்பு நம் தொண்டையில் சிக்க வேண்டும். நளினத்தைக் குறைத்தால் சிரிப்பு வராது, பயத்தைக் குறைத்தால் சிக்காது. நாவல் வந்த மறு ஆண்டு, 1783இல், இதே லக்லோ பெண் கல்வி பற்றி எழுதியபோது, சமூகம் பெண்களை அடிமைகளாக வைத்திருக்கிறது என்று வாதிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆக, மறைத்த மொழிபெயர்ப்பு வாசகரைக் குழந்தையாக நடத்துகிறது. மிகையாகத் திறந்த மொழிபெயர்ப்பு ஆசிரியரை மலிவாக்குகிறது. மூடியதை மூடியும், திறந்ததைத் திறந்தும் வைப்பதுதான் நேர்மை.

நமக்கு இதில் என்ன?

இரண்டு விஷயம். முதலாவது, விஸெடெல்லி காலத்துச் சட்டச் சிந்தனை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரண்மனையில் முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' என்ற சிருங்காரக் காவியத்தை, விட்டுப்போன பாடல்களையும் சேர்த்து 1910இல் முழுமையாக வெளியிட்டார் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆம், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மையார்தான். மறு ஆண்டே அரசு அதை ஆபாசம் என்றது. தடை நீங்கியது 1947இல். சுதந்திரத்துக்குப் பிறகும் 1964இல் நம் உச்ச நீதிமன்றம் ஹிக்லின் அளவுகோலை வைத்தே, ஓர் ஆங்கில நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதி செய்தது. 2014இல்தான் நீதிமன்றம் அந்த அளவுகோலைக் கைவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆவது பிரிவு 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவின் 294ஆவது பிரிவாக இருக்கிறது.

இரண்டாவது இன்னும் நடைமுறையானது. இணையத்தில் இலவசமாகவும் நடைபாதையில் மலிவாகவும் கிடைக்கும் பழைய பிரெஞ்சு நூல்களின் ஆங்கிலப் பிரதிகள் பெரும்பாலும் காப்புரிமை காலாவதியானவை. அதாவது, பயந்துபோன காலத்தில் வந்தவை. இலவசக் காஸநோவா என்றால் அது அநேகமாக மேச்சனுடையதுதான். ஆகவே நம் பிள்ளைகள் ஒரு பிரெஞ்சு நூலை ஆங்கிலத்தில் கையில் எடுத்தால், நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: மொழிபெயர்த்தவர் யார், எந்த ஆண்டு, முழுமையானதா சுருக்கியதா, எந்த மூலத்திலிருந்து செய்தது. மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத பதிப்பாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் புதிய மொழிபெயர்ப்பைத் தேடி, ஒரே ஒரு பத்தியை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பத்து நிமிட வேலைதான்.

ஐந்திணை வகுத்து அகத்தைப் பாடிய மொழிக்குச் சொந்தக்காரர்கள் நாம். தலைவன் தலைவிக்குப் பெயர் சூட்டாமல், மலையையும் கடலையும் சொல்லி மனத்தைக் காட்டுவது நம் மரபு. அந்தக் குதிரை வண்டியின் திரை ஏன் கடைசிவரை விலகவில்லை என்று தமிழ் வாசகருக்கு நீட்டி முழக்கி விளக்க வேண்டியதே இல்லை.